மாமியாருக்கு ஒரு கங்காரு வால்

செல்வினின் மானத்தை வாங்கியது ஒரு பனிக்கட்டி. அதுவும் எந்த ஊரில்? மண்ணில் வெறுங்காலை வைத்தால் கொப்புளம் கிளம்புகிற வில்ப்பாரியில். பாலைவனத்துக்கு நட்டநடுவே கொஞ்சம் வீடுகள், ஒரு கடை, ஒரு மருத்துவ நிலையம், புல்லே முளைக்காத ஒரு கால்பந்து மைதானம், கணக்கில்லாத நாய்கள். அவ்வளவுதான் வில்ப்பாரி. அங்கே ஒருவனுக்கு ஒரு சங்கடம் வந்தால் அது மத்தியானத்துக்குள் ஊருக்கே சாப்பாடு.

நடந்தது இதுதான். பெண்ணைக் கட்டியவன் பெண்ணைப் பெற்றவளுக்கு இறைச்சி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எல்லா மருமகன்களும் செய்கிற காரியம். செல்வினின் மாமியார் டல்சிக்குக் கங்காருவில் வால் என்றால் உயிர். கொழுப்பும் எலும்புமாக, தணலில் வெந்து, விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும் அவளுக்கு. வெள்ளைக்காரர்கள் கங்காருவைக் காசில் அடித்தார்கள், நாட்டு முத்திரையில் நிற்க வைத்தார்கள், விமானத்தின் வாலில் வரைந்தார்கள். நன்றாக வரையட்டும். ஆனால் விமானத்தின் வாலில் கங்காருவைப் போட்டவர்களுக்குக் கங்காருவின் வால் எதற்கு இருக்கிறதென்று தெரியவில்லையே என்று டல்சி அவர்களுக்காக உண்மையிலேயே வருத்தப்படுவாள்.

போன குளிர்காலத்திலிருந்தே அவளுக்கு வால் போகவில்லை. செல்வின் துப்பாக்கியோடு டொயோட்டாவில் கிளம்புவான், வெறுங்கையோடு திரும்புவான். காற்று மாறிவிட்டது என்பான். டயர் போய்விட்டது என்பான். கங்காருவெல்லாம் மேற்கே போய்விட்டன, அங்கே மழையாம் என்பான். உண்மைக் காரணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். கண். கொஞ்ச தூரத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் அவனுக்குப் புகைக்குள் இருப்பதுபோல் ஆகிவிட்டது. மரம் எது, மாடு எது, மைத்துனன் எது என்று தெரியவில்லை. ஒரு காலத்தில் ஓடுகிற கார் ஜன்னலிலிருந்து ஒரே குண்டில் அடித்தவன் என்று பேர் வாங்கியவன். கண் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வான்? சொன்ன மறுநாளே துப்பாக்கி மைத்துனன் லிண்டன் தோளில் தொங்கும், டொயோட்டா சாவி அவன் பையில் கிடக்கும். செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று இருந்தான்.

சொல்லாமல் என்ன செய்தான் தெரியுமா? கடைக்குப் போனான். கடையின் உறைபெட்டியில் கங்காரு வால் கிடைக்கும், ரோமத்தோடு, விறகுக் கட்டை மாதிரி விறைத்துப் போய். ஊரில் எல்லோரும் வாங்குவதுதான், அதில் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் இந்தப் புத்திசாலி அதை வாங்கி, உறையைக் கிழித்து எறிந்து, மேலே கொஞ்சம் மண்ணைத் தேய்த்து, மகள் கையில் கொடுத்து, "அப்பா காலையில சுட்டதுன்னு பாட்டிகிட்டச் சொல்லு" என்று அனுப்பினான். வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு வைத்திருக்கலாம். அந்த அளவுக்குக்கூட மூளை வேலை செய்யவில்லை.

டல்சி தகரத் தடுப்புக்குப் பின்னால் தன் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசையாகக் கோடாரியை எடுத்து, வாலை இரண்டாக்கலாம் என்று ஒரு போடு போட்டாள். டங் என்று சத்தம். இன்னொரு போடு. உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு துண்டு தெறித்து அவள் மடியில் விழுந்தது. பனிக்கட்டி.

இந்த இடத்தில் டல்சியின் நாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமியாரும் மருமகனும் எங்கள் பக்கத்தில் முகம் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, பேர் சொல்வதில்லை. பகை ஒன்றும் கிடையாது, மரியாதை. ஒருவர் வருகிற வழியில் இன்னொருவர் இருந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் நடுவில் ஆள் வைத்துச் சொல்லி அனுப்புவார்கள். டல்சிக்கு ஆள் தேடுகிற பொறுமை கிடையாது. அவளிடம் சார்ஜென்ட் இருந்தான். போலீஸ் வண்டியைக் கண்டால் மட்டும் குரைக்கிற, ஒரு காது பிய்ந்த, மஞ்சள் நாய். மருமகனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் நாயிடம் சொல்வாள். காது கேட்காத நாயிடம் சொல்வதுபோல் சொல்வாள்.

"சார்ஜென்ட்! எழுந்து உக்காருடா! இந்த அதிசயத்தப் பாரு! காலையில வெயில்ல குதிச்சு ஓடின கங்காருவாம், உள்ள பனிக்கட்டி! பாவம், ஜலதோஷம் புடிச்சுச் செத்துருக்கும் போல!"

மைதானத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"இல்லடா சார்ஜென்ட், நான்தான் தப்பாச் சொல்றேன்! இது ஆலிஸ் டவுன்லேருந்து லாரியில உக்காந்து வந்த கங்காரு! நம்ம மருமகப்புள்ள அதைக் கடைக்குள்ள பதுங்கிப் பதுங்கிப் போய்ப் புடிச்சிருக்காரு! ரொம்ப வேகமா ஓடிச்சோ என்னமோ, உறைபெட்டிக்குள்ள!"

தன் வீட்டு வாசலில் நின்ற செல்வினுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஊருக்கே கேட்டது. சிரிப்பு வீட்டுக்கு வீடு தாவியது. லிண்டன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேலைமெனக்கெட்டு அங்கிருந்து நடந்தே வந்தான்.

"மச்சான், அடுத்த தடவை வேட்டைக்குப் போறப்ப எனக்கு ஒரு குளிர்பானம் எடுத்துட்டு வா. பக்கத்து அலமாரிதான்."

"போடா."

"குறி பார்த்துக் கதவத் தொறக்கணும் மச்சான். கை நடுங்கக் கூடாது."

சிரிப்பு சிரிப்பாக இருந்திருந்தால் பரவாயில்லை, இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். ஆனால் செல்வினின் மனைவி மார்லின் சிரிக்கவில்லை. கம்பளியைச் சுருட்டினாள், இரண்டு பிள்ளைகளையும் கூட்டினாள்.

"கடையில வாங்கினேன்னு சொல்லியிருந்தா அம்மா சந்தோஷமாத் தின்னுருப்பா. ஏன் பொய் சொன்ன? அதுவும் புள்ளை வாயால சொல்ல வெச்ச."

"ஒரு விளையாட்டுக்கு..."

"எனக்கு விளையாட்டாத் தெரியல. ஊருக்குள்ள என் தலையக் காட்ட முடியல. நெசமான கங்காரு ஒண்ணு, முழுசா, குழியில வெந்து, எங்கம்மா பங்கு எங்கம்மா கைக்குப் போகணும். அதுக்கப்புறம் வரேன்."

"வராட்டி?"

"வராட்டி அங்கயே இருக்கேன். எங்கம்மா நெருப்புப் பக்கத்துல இடமிருக்கு."

அவள் போய்விட்டாள். நூறு அடி தூரம்தான். ஆனால் அந்தப் பக்கம் மாமியார் இருக்கிறாள். செல்வினால் அங்கே காலடி வைக்க முடியாது. மனைவி கடல் தாண்டிப் போயிருந்தால்கூடப் பின்னாலேயே போய்க் கெஞ்சியிருப்பான். அன்று சாயங்காலம் தகரக் குவளையில் தேநீர் போட்டு ஒரு வாய் குடித்தான். சர்க்கரை எங்கே வைத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அழுகையாக வந்தது.

மறுநாள் காலையில் அவன் டொயோட்டாவைக் கிளப்பியபோது தங்கை லோர்னா ஓடிவந்து முன்னால் ஏறிக்கொண்டாள். கையில் கடப்பாரை, தகர டப்பா.

"நானும் வரேண்ணே. தேனெறும்பு தோண்டி ரொம்ப நாளாச்சு."

அப்போது தகரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் கிளம்பியது.

"சார்ஜென்ட்! கிளம்புடா! இன்னிக்கு நாமளும் வண்டியில போறோம்! விறகும் தீந்துபோச்சு! கங்காரு சாகறத நம்ம கண்ணால பாத்துட்டு வந்துருவோம்! இல்லேன்னா அதுவும் எந்த ஊர்லேருந்து வந்ததோன்னு சந்தேகமாவே இருக்கும்!"

செல்வினுக்கு வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அவளோடு பேச முடியாதவன் எப்படி மறுப்பது? நாயிடம் மறுக்கலாம் என்றால், அந்தப் பழக்கம் அவனுக்கு இன்னும் வரவில்லை. லோர்னா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே இறங்கி, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே உள்ள கண்ணாடியில் ஒரு கம்பளியைக் கட்டினாள். செல்வின் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வண்டி ஒருபுறம் தாழ்ந்து, நாய் ஒன்று தாவிக் குதித்து, "அப்பாடா, முட்டி" என்று ஒரு முனகல் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தான்.

கிழக்கே போனார்கள். சிவப்பு மண், முள்புல், அங்கங்கே முல்கா மரங்கள். லோர்னா அண்ணன் காதில் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். திடீரென்று, "நிறுத்துண்ணே, நிறுத்து!" என்றாள். முல்கா மரத்தடியில், வயிற்றில் தேனைச் சுமக்கும் அந்த எறும்புகளின் புழை ஏதோ அவள் கண்ணில் பட்டுவிட்டது. வண்டி நிற்பதற்குள் கடப்பாரையோடு குதித்துவிட்டாள்.

"ஏய், நீ போயிட்டா நடுவுல யாரு பேசறது?"

"அதான் சார்ஜென்ட் இருக்கானே. இங்கதான் இருப்பேன், கூப்பிட்டாக் கேக்கும். சிவப்புக் குல்லா போட்டிருக்கேன், எங்க இருந்தாலும் தெரியும்."

செல்வின் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். சிவப்பு மண்தான் தெரிந்தது. குல்லாவும் தெரியவில்லை, தங்கையும் தெரியவில்லை.

மெதுவாக ஓட்டினான். கண்ணை இடுக்கினான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான், பிறகு மற்றக் கண்ணை. பின்னாலிருந்து சத்தமே இல்லை. அந்த அமைதிதான் அவனை வறுத்து எடுத்தது. வாய் மூடத் தெரியாத ஒருத்தி வாயை மூடிக்கொண்டு கவனிக்கிறாள் என்றால் எவனால்தான் நிம்மதியாக வண்டி ஓட்ட முடியும்?

தார்ச் சாலையைத் தாண்டுகிற இடம் வந்தது. அங்கேதான் பார்த்தான். சாலையோரம், காய்ந்த மஞ்சள் புல்லுக்குள், கருகருவென்று ஒரு கங்காரு! குதிக்கிற நிலையில், முதுகு வளைந்து, வால் நீண்டு! கண் தெரிகிறது! இத்தனை நாளாக என்னவோ தூசி! சத்தமில்லாமல் வண்டியை நிறுத்தினான், ஜன்னலில் துப்பாக்கியைச் சாய்த்தான், மூச்சை அடக்கினான், சுட்டான்.

டணார் என்றது.

கங்காரு விழவில்லை, ஓடவும் இல்லை. செல்வின் இன்னொரு தடவை சுட்டான். மறுபடியும் டணார்.

பின்னாலிருந்து அதுவரை மூடியிருந்த வாய் மெள்ளத் திறந்தது.

"சார்ஜென்ட், அந்தக் கங்காரு ஓடாதுடா. அதைக் கவர்மெண்ட்டு ஆணி அடிச்சு வெச்சுருக்கு."

லாரி ஏதோ இடித்துத் தள்ளிய சாலைப் பலகை அது. கங்காரு குறுக்கே வரும், பார்த்து ஓட்டு என்று மஞ்சளில் கறுப்பாக வரைந்து நட்டு வைப்பார்களே, அதேதான். கம்பத்தோடு சாய்ந்து புல்லுக்குள் பாதி முழுகிக் கிடந்தது. குறியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நெஞ்சில் இரண்டு ஓட்டை, பக்கத்தில் பக்கத்தில்.

செல்வின் என்ஜினை அணைத்தான். இனி என்ன இருக்கிறது? ஊருக்குப் போனதும் இந்தக் கிழவி நாயைக் கூப்பிட்டு எழுப்புவாள். உறைபெட்டிக் கங்காரு போய்த் தகரக் கங்காரு வந்துவிடும். லிண்டன் பேரப்பிள்ளைகளுக்குக்கூட இதைச் சொல்வான். போகட்டும், சிரிப்பதற்கென்று பிறந்தவன் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் மார்லின் வர மாட்டாள். அதை நினைத்தபோது வீம்பு, பேர், துப்பாக்கி எல்லாம் ஒரு நொடியில் அற்பமாகத் தெரிந்தன. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

"சார்ஜென்ட்," என்றான் முன்கண்ணாடிக்கு அப்பால் பார்த்தபடி. குரல் அவனுக்கே பிடிபடவில்லை. "எனக்குக் கண்ணு தெரியலடா. தூரத்துல இருக்கறதெல்லாம் புகையாத் தெரியுது. போன குளிர்காலத்துலேருந்தே இப்படித்தான். யாருகிட்டயும் சொல்லல. அவகிட்டயும் சொல்லல. பயமா இருந்திச்சு."

கம்பளிக்குப் பின்னால் நாய் ஒரு கொட்டாவி விட்டது.

டல்சி தொண்டையைக் கனைத்தாள்.

"சார்ஜென்ட், இப்படியே வெயில்ல உக்காந்துட்டிருந்தா நம்ம ரெண்டு பேரும் வெந்துருவோம். வண்டி கொஞ்சம் வடக்கால போனா நல்லாருக்கும். அந்தச் சவுக்குத் தோப்புப் பக்கம். வேகமாப் போகக் கூடாது. ஆமை மாதிரிப் போகணும்."

செல்வின் வடக்கே திருப்பினான். ஆமை மாதிரி ஓட்டினான்.

"நாயே, இப்ப நிறுத்தினாத் தேவல."

நிறுத்தினான். எதிரே பச்சையும் பழுப்புமாக ஒரு குழப்பம், அதற்குக் கீழே கருநிழல். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

"சார்ஜென்ட்," டல்சியின் குரல் இப்போது அடங்கியிருந்தது. இவ்வளவு மெதுவாக அவளால் பேச முடியும் என்று செல்வின் கனவிலும் நினைத்ததில்லை. "நல்லாக் கேட்டுக்க. அந்த ரெட்டை மரத்துக்குக் கீழ, நெழல்ல, ஒரு பெரிய ஆண் கங்காரு ஒருக்களிச்சுப் படுத்துருக்கு. காத ஆட்டுது. நீ அதப் பாக்காத, குரைச்சுத் தொலையாத. மூக்க மட்டும் அந்தப் பக்கம் நீட்டு."

நாய் தூங்கிக்கொண்டிருந்தது. செல்வின் துப்பாக்கியை ஜன்னல் வழியே நீட்டினான்.

மருமகன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் முறை. துப்பாக்கிக் குழலைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. டல்சி வண்டியின் பின்பக்கத்தில் குப்புறப் படுத்து, முகத்துக்குக் குறுக்கே துணியை இழுத்துவிட்டு, ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழலின் நுனியை மட்டும் பார்த்தாள்.

"மூக்கு ரொம்பக் கிழக்கால போயிருச்சு நாயே. இங்கிட்டு. இன்னும். அட, அவ்வளவு இல்ல! எறும்பு நகர்ற அளவு. ம்."

செல்வினின் நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. அந்தக் கண்ணால் என்ன ஆகப்போகிறது?

"இப்பக் கீழ. உன் மூக்கு மரத்தப் பாத்துட்டிருக்கு. மரத்த யாரு தின்னுவா? கீழ. அங்கதான். அப்படியே இரு. மூச்சு விடாத."

செல்வின் மூச்சு விடவில்லை.

"எழுந்திருக்குது நாயே. எழுந்து நிக்குது. மூக்க ஒரு விரலளவு தூக்கு. ஒரு விரலளவுதான். கடி!"

சுட்டான்.

சவுக்குத் தோப்பிலிருந்து கிளிகள் கிளம்பிக் கத்தின. சார்ஜென்ட் திடுக்கிட்டு எழுந்து, போலீஸ்தான் வந்துவிட்டதென்று வானத்தைப் பார்த்துக் குரைத்தான். செல்வினுக்குத் திரும்பிக் கேட்கவும் முடியாது, எதிரே பார்க்கவும் முடியாது. துப்பாக்கியைப் பிடித்தபடி கல்லாய் உட்கார்ந்திருந்தான்.

"சார்ஜென்ட்," என்றாள் டல்சி சாவகாசமாக. "வாலு நல்ல தடிமனா இருக்கு."

செல்வின் ஓடினான். விழுந்து எழுந்து ஓடினான். பக்கத்தில் போகப் போகக் கங்காரு புகையிலிருந்து வெளியே வந்தது. செம்பட்டை ரோமம், அகல நெஞ்சு, தன் தொடையளவு வால். மண்டியிட்டு அதன் கழுத்தில் கை வைத்தான், சூடாக இருந்தது. சிரித்தான், அழுதான், இரண்டும் ஒன்றாக வந்தது. நல்ல வேளை, பார்ப்பதற்கு ஆளில்லை. இருந்த ஒருத்தியும் முறைப்படி வேறு பக்கம் திரும்பியிருந்தாள்.

கங்காருவைத் தோளில் சுமந்து வந்து பின்னால் ஏற்றும்போது டல்சி கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வண்டியின் ஒரு மூலையில், அதற்குள் பொறுக்கிப் போட்டிருந்த விறகோடு விறகாக ஒடுங்கியிருந்தாள். செல்வின் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"சார்ஜென்ட், உன் கண்ணு நல்ல கண்ணுடா."

விறகு மூலையிலிருந்து பதில் வந்தது. "நாய்க்கு நன்றியெல்லாம் வேண்டாம்டா சார்ஜென்ட். வாலு வந்தாப் போதும்."

திரும்பும் வழியில் லோர்னாவை ஏற்றிக்கொண்டார்கள். டப்பா நிறையத் தேனெறும்பும் முகம் நிறையப் புழுதியுமாக வந்தாள். கங்காருவைக் கண்டதும் அவள் போட்ட கூச்சல் வில்ப்பாரிவரை கேட்டிருக்கும். ஊருக்குள் நுழையும்போது பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். லிண்டன் வந்து கங்காருவின் வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தான்.

"சூடாத்தான் இருக்கு மச்சான். எந்த அடுப்புல வெச்சு எடுத்துட்டு வந்த?"

"குழி வெட்டுடா மொதல்ல."

குழி வெட்டினார்கள், விறகு எரிந்தது. தீயில் புரட்டி ரோமத்தைப் பொசுக்கிச் சுரண்டினார்கள். வாலைத் தனியாக எடுத்தார்கள், கங்காருவை மல்லாத்தித் தணலில் கிடத்திச் சூட்டு மண்ணைப் போட்டு மூடினார்கள். இதில் எதையும் முன்பின் மாற்றிச் செய்யக் கூடாது. மாற்றினால் அடுத்த கங்காரு நம் கண்ணிலேயே படாது. பொழுது சாய்கிற நேரத்தில் மண்ணை விலக்கியபோது எழுந்த வாசனையில் நாய்களெல்லாம் மரியாதையாக உட்கார்ந்துவிட்டன. தொடை ஒரு வீட்டுக்கு, முதுகு ஒரு வீட்டுக்கு, தலை ஒருவருக்கு என்று பெரியவர்கள் வெட்டிப் பிரித்தார்கள். சுட்டவனுக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான். வால் முழுசாக டல்சிக்குப் போயிற்று. மகள்தான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள். இந்தத் தடவை செல்வின் அவளிடம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

எல்லோர் வாயும் நிறைந்திருந்த நேரம் பார்த்து லிண்டன் ஆரம்பித்தான்.

"மச்சான், சொல்லு. எவ்வளவு தூரத்துலேருந்து அடிச்ச?"

நெருப்பைச் சுற்றியிருந்த தலைகளெல்லாம் செல்வின் பக்கம் திரும்பின. வேட்டைக் கதை சொல்ல வேண்டும், அது கடமை. குரலை உயர்த்தி, கையை வீசி, கங்காரு மாதிரிக் காதை ஆட்டிக் காட்டிச் சொல்வதில் செல்வினை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வாய் வரவில்லை. ஒரு பொய் சொல்லிப் பட்டது போதாதா?

"தூரம்... எனக்குச் சரியாத் தெரியலடா."

"தெரியலயா? சுட்டவனுக்கே தெரியலயா?" லிண்டனின் கண் மின்னியது. மோப்பம் பிடித்துவிட்டான். "எத்தனை குண்டு மச்சான்? காலையில மூணு எடுத்துட்டுப் போன. மிச்சத்தக் காட்டு."

செல்வின் தரையைப் பார்த்தான். இப்போது தகரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வரும். சாலைப் பலகை வரும், ஆணி வரும், டணார் டணார் என்று சத்தம்கூடப் போட்டுக் காட்டுவாள். வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"சார்ஜென்ட்!"

ஊரே காதைத் தீட்டியது.

"அந்த லிண்டன் பய என்னமோ கேக்கறானே, அவனுக்குச் சொல்லுடா! கங்காரு படுத்திருந்து எழுந்திருச்சு! எழுந்ததும் ஒரே குண்டு! நெஞ்சுல! ரெண்டாவது குண்டு தேவைப்படல! நான் சும்மா சொல்லல, என் கண்ணால பாத்தேன்! சந்தேகமிருந்தா அந்தப் பய நாளைக்கு வேட்டைக்குப் போகட்டும், என்னத்தக் கொண்டு வரான்னு நாமளும் பாப்போம்! இப்ப என்னைத் தின்ன விடு!"

சிரிப்பு வெடித்தது, இந்தத் தடவை லிண்டன் தலையில். தன் அம்மா வாயாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டவன் காதைச் சொறிந்துகொண்டு ஒரு விலா எலும்பைக் கடித்தான். யாரோ செல்வின் முதுகில் ஓங்கித் தட்டினார்கள். செல்வினுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் ஏன் சொல்லவில்லை? கையில் கிடைத்ததை விடுகிறவளா அவள்?

கூட்டம் கலைகிற சமயத்தில் மார்லின் வந்தாள். ஒரு தோளில் சுருட்டிய கம்பளி, கையில் காகிதத்தில் சுற்றிய பாதி வால். பிள்ளைகள் முன்னால் ஓடிவந்து வீட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். மார்லின் வாலை அவன் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா குடுத்துவிட்டா. சுட்டவனும் ருசி பாக்கணுமாம்."

"வாலையா? அவங்களா?"

"ஆமா. எனக்கே நம்ப முடியல." கையை நீட்டி அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "வியாழக்கிழமை மருத்துவ நிலையத்துக்குக் கண் டாக்டர் வராரு. அதுவரைக்கும் நான் வண்டி ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காந்து வா. சரியா?"

"உனக்கு... யாரு சொன்னா?"

"யாரும் என்கிட்டச் சொல்லல. அம்மா நாய்கிட்டச் சொன்னா."

"ஐயோ. ஊருக்கே கேட்டிருக்குமே!"

மார்லின் தலையை ஆட்டினாள்.

"இல்ல. அதோட காதுக்குள்ள வாய வெச்சு, முணுமுணுன்னு சொன்னா. நான் ஒட்டி உக்காந்திருந்தேன், எனக்கு மட்டும்தான் கேட்டுது. எங்கம்மா நாய்கிட்ட ரகசியம் பேசி என் வாழ்நாள்ல இன்னைக்குத்தான் பாக்கறேன்."